பாலைவனப் பூச்சியும் ஆர்க்டிக் பூச்சியும் நேர் எதிரா?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் வடமராட்சித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரீச்சர், பாலைவனத்திலும் ஆர்க்டிக்கிலும் வாழும் பூச்சிகளை ஒப்பிட்டு ஒப்படை எழுத வேண்டும். ஒன்று சூட்டைத் தாங்குகிறது, மற்றது குளிரைத் தாங்குகிறது, இரண்டும் நேர் எதிர் என்று தொடங்கினால் சரியா? அந்தப் பூச்சிகளை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தால் உயிரோடு இருக்குமா?"

தம்பி, "நேர் எதிர்" என்று தொடங்க வேண்டாம். விடைத்தாள்களில் நான் அதிகம் கண்ட வசனமும் அதுதான். முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தொடங்கினால் இந்த விடயத்தின் மிக அழகான பகுதி கண்ணில் படாமலே போய்விடும். இரண்டு இடத்துப் பூச்சிகளும் போராடுவது பெரும்பாலும் ஒரே எதிரியோடு. தண்ணீர் இல்லாமைதான் அந்த எதிரி.

முதலில் வீட்டு அடுப்படிக்குப் போய் மாப்பேணியைத் திறந்து பாருங்கள். கனநாள் வைத்த கோதுமை மா என்றால் மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளத்தில் செந்நிற வண்டு ஒன்று ஓடும். அம்மா அரிதட்டில் அரித்து எறிகிற அதே வண்டு. (அரிசியில் வரும் மூக்கு நீண்ட வண்டு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) காய்ந்த மாவுக்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு, தண்ணீர் குடிக்காமலே அது தன் காலத்தை ஓட்டிவிடும். அதன் குடும்பத்துக்குப் பெயர் டெனிபிரியோனிடே. இதே குடும்பத்தில் ஒரு வண்டு தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் மூடுபனியைக் குடித்து வாழ்கிறது. இன்னொன்று அலாஸ்காவில் பூச்சியத்துக்குக் கீழே 60 பாகைக் குளிரில் உடம்பு உறைந்து கிடந்து, கோடையில் எழுந்து நடக்கிறது. நேர் எதிரான இரண்டு வாழ்க்கை என்றால் ஒரே குடும்பத்துச் சொந்தக்காரருக்கு இரண்டும் எப்படிக் கைவந்தது? ஒப்படையை இந்தக் கேள்வியோடு தொடங்கினால் நன்றாக இருக்கும்.

ஆர்க்டிக் என்றதும் பனி, பனி என்றதும் தண்ணீர் என்று எங்கள் மனம் ஓடும். ஆனால் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் உள்ள யுரேக்கா என்ற இடத்தில் ஆண்டு முழுவதும் விழும் மழையையும் பனியையும் கூட்டினாலும் சராசரியாக 100 மில்லிமீற்றர் வராது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கே ஐப்பசி, கார்த்திகை மாரியோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1200 மில்லிமீற்றர் கிடைக்கிறது. மழைக் கணக்கில் பார்த்தால் வட துருவப் பகுதியின் பெரும்பாகமும் பாலைவனம்தான். அங்கே விழுகிற கொஞ்சத் தண்ணீரும் ஆண்டின் ஒன்பது பத்து மாதம் கல்லாகக் கிடக்கிறது. பூச்சியால் கல்லைக் குடிக்க முடியாது.

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். உறைவது என்றால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? இதை வகுப்பில் விளக்க நான் எப்போதும் கருவாட்டைத்தான் எடுப்பேன். பருத்தித்துறைக் கரையில் மீனைக் கீறி உப்புப் போட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் மீனிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கும். வெளியே உப்புச் செறிவு கூட, கலங்களுக்குள் இருக்கும் தண்ணீர் பிரசாரணத்தால் வெளியேறுகிறது. பூச்சி உறையும்போதும் இதுவே நடக்கிறது. கலங்களுக்கு வெளியே இருக்கும் திரவம் முதலில் உறையத் தொடங்கும். பனிக்கட்டி தூய தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பையும் மற்றக் கரையங்களையும் ஒதுக்கிவிடும். உறையாமல் மிஞ்சிய திரவம் அதனால் செறிந்துகொண்டே போகும். அந்தச் செறிவு கலத்துக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்து எடுத்துவிடும். ஆர்க்டிக் பூச்சி குளிரில் கருவாடாகிறது என்றே சொல்லலாம். வெயிலில் காய்வதும் குளிரில் உறைவதும் ஒரு கலத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒரே விபத்து.

அதனால்தான் இரண்டு இடத்துப் பூச்சிகளின் உடம்பிலும் ஒரே மருந்துகள் இருக்கின்றன. மேலே மெழுகு பூசிய புறவன்கூடு, உள்ளே சர்க்கரை, சர்க்கரையின் உறவான கிளிசரோல், பிறகு புரதங்களைக் குலையாமல் பிடித்து வைக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்.

சரி, பாலைவனத்துக்குப் போவோம். நமீப்பில் மழை என்பது பெயருக்குத்தான். ஆனால் அத்திலாந்திக் கடலிலிருந்து சில இரவுகளில் மூடுபனி உள்ளே வரும். ஒனிமாக்கிரிஸ் அங்கிக்குலாரிஸ் என்ற கறுப்பு வண்டு அப்படியான இரவுகளில் மணலுக்குள்ளிருந்து எழுந்து மணல்மேட்டின் உச்சிக்கு ஏறும். காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி நிற்கும். பனித்துளிகள் முதுகில் படிந்து, திரண்டு, வழுகி வாய்க்கு வந்து சேரும். தை மாதத்து விடியலில் பனை ஓலை நுனியில் பனி திரண்டு சொட்டுமே, அதே காட்சிதான். ஹமில்டனும் மேரி சீலியும் 1976இல் இதை எழுதி வெளியிட்டார்கள். ஒரு விடியலில் சராசரியாகத் தன் எடையில் 12 வீதமும், கூடியது 34 வீதமும் தண்ணீராகச் சேர்த்துக்கொள்ளும் என்று அளந்திருந்தார்கள். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே இருப்பில் பதினேழு லீற்றர் குடிப்பதற்குச் சமம் இது.

இந்த வண்டைப் பற்றி இணையத்தில் தேடினால், முதுகில் உள்ள சிறு மேடுகள்தான் தண்ணீரைப் பிடிக்கின்றன என்று எங்கும் எழுதியிருப்பதைக் காண்பீர்கள். அதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். மேடுள்ள முதுகு வேறு ஓர் இன வண்டினுடையது. தலைகீழாக நின்று பனி குடிப்பதற்குப் பெயர்பெற்ற இந்த வண்டின் முதுகில் அப்படிப்பட்ட மேடுகள் இல்லை. தண்ணீர் சேர்வதில் அது நிற்கும் விதத்துக்குத்தான் பெரிய பங்கு.

கிடைத்த தண்ணீரை வெளியே விடாமல் காப்பதுதான் இந்தக் குடும்பத்தின் தனிக்கெட்டித்தனம். பல பாலைவன வண்டுகளில் மேல் இறக்கைகள் இரண்டும் ஒட்டி ஒரே ஓடாகிவிட்டன. பறக்க முடியாது. ஆனால் அந்த ஓட்டுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு காற்றறை கிடைக்கிறது. சுவாசத் துவாரங்கள் அதற்குள்தான் திறக்கும். மூச்சோடு போகும் ஈரம் நேராக வெயிலுக்குப் போகாமல் அந்த அறைக்குள் தங்கும். அதைவிட எனக்கு வியப்பானது குடலின் கடைசிப் பகுதி. பூச்சிக்குச் சிறுநீரகம் போல வேலை செய்யும் மல்பீசியின் சிறுகுழாய்களின் நுனிகள் குதத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, கழிவில் மிஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பி அனுப்பிவிடும். வெளியே வருவது தூள்தான். உங்கள் மாப்பேணி வண்டும் இதே அமைப்பை வைத்துக்கொண்டுதான் மாவுக்குள் சீவிக்கிறது.

சூட்டைத் தாங்குவது என்ற விடயத்துக்கு சகாராவின் வெள்ளி எறும்பைப் போல இன்னோர் உதாரணம் கிடைக்காது. கற்றாகிளிபிஸ் பொம்பிசினா என்பது அதன் பெயர். கொதிக்கிற நடுப்பகலில், மணல் 60 பாகையைத் தாண்டிய பிறகும், இது இரை தேடும். அந்த நேரத்தில் இதைப் பிடித்துத் தின்னும் பல்லி சூடு தாங்காமல் வளைக்குள் போய்விடும். எறும்பு தேடுவதும் வெயிலில் செத்து விழுந்த மற்றப் பூச்சிகளைத்தான். பல்லி உள்ளே போனதற்கும் தன் உடம்பு எல்லையைத் தொடுவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடம்தான் அதற்கு ஒரு நாளின் வேலை நேரம். எல்லை 53.6 பாகை. இதைச் சுவிற்சர்லாந்தின் ரூடிகர் வேனரும் அவரோடு வேலை செய்தவர்களும் அளந்தார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஆவணி வெயிலில் வெறுங்காலோடு போனவர்களுக்கு ஒன்று தெரியும்: மணல் சுடும்போது நிற்கக்கூடாது, ஓட வேண்டும். வெள்ளி எறும்பும் ஓடுகிறது. 2019இல் அளந்தபோது ஒரு செக்கனுக்கு 85 சென்ரிமீற்றர் ஓடியது. தன் உடம்பு நீளத்தைப் போல நூறு மடங்குக்கு மேல், ஒரே செக்கனில்! நீண்ட கால்கள் உடம்பைச் சுடுமணலிலிருந்து சில மில்லிமீற்றர் தூக்கிப் பிடிக்கும். அந்தச் சில மில்லிமீற்றரிலேயே காற்று குறிப்பிடத்தக்க அளவு குளிர்ச்சி. அப்புறம் அந்த வெள்ளி மயிர்கள். 2015இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நான்பாங் யூவும் குழுவினரும் அவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, ஒவ்வொரு மயிரின் குறுக்குவெட்டும் முக்கோணமாக இருந்தது. அந்த வடிவம் வெயிலைக் கண்ணாடி போலத் தெறித்துவிடும். அதோடு நிற்காமல், உடம்புச் சூட்டை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி வெளியேற்றவும் உதவும். மயிரை மழித்த எறும்போடு ஒப்பிட்டால் 5 முதல் 10 பாகை வரை குளிர்ச்சி கிடைக்கிறது. வயிற்றின் அடிப்பக்கத்தில் மயிர் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே கொதிக்கும் மணலைப் பார்த்தபடி இருக்கும் பக்கத்தில் அந்த மயிர் இருந்தால் மணலின் சூட்டைத்தான் கூடுதலாக வாங்கும்.

இந்த எறும்பின் உடம்புக்குள் நடப்பதையும் விட்டுவிடக்கூடாது. சாதாரணமாக வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் சூடு பட்ட பிறகுதான் உருவாகும். வெள்ளி எறும்பு புற்றிலிருந்து வெளியே வருவதற்கு முன்னரே அவற்றை ஆயத்தமாக வைத்திருக்கும். பத்து நிமிட ஓட்டத்தில் பிறகு செய்துகொள்ள நேரம் ஏது?

இனி வடக்கே. உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது, ஒப்படையில் இதற்கு நல்ல இடம் கொடுங்கள். பாலைவனப் பூச்சிக்கு ஓடி ஒளிய இடம் உண்டு. மணற்காட்டு மணல்மேட்டில் நடுப்பகலில் கையால் கிண்டிப் பாருங்கள், முழங்கை ஆழத்தில் மணல் குளிர்ந்திருக்கும். நமீப் வண்டும் சகாரா எறும்பும் செய்வது அதுதான்: சூடு கூடினால் கீழே போ, குறைந்தால் மேலே வா. நாளுக்கு நாள், மணிக்கு மணி. ஆர்க்டிக்கில் கிண்டினால் கீழேயும் நிரந்தரமாக உறைந்த நிலம்தான். மேலே விழும் பனி ஒரு போர்வையாகக் கொஞ்சம் காக்கும், அவ்வளவே. தப்பி ஓட இடம் இல்லாத பூச்சி காலத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உயிரை நிறுத்தி வைக்கிறது. ஒன்று இடத்தை மாற்றித் தப்புகிறது, மற்றது தன் உடம்பையே மாற்றித் தப்புகிறது.

கம்பளிப்புழு ஒன்றைச் சொல்கிறேன். கைனபோரா குரோன்லாண்டிக்கா என்ற அந்துப்பூச்சியின் குடம்பி, கிறீன்லாந்திலும் எல்ஸ்மியர் தீவிலும் இருக்கிறது. எங்கள் முருங்கை மரத்து மயிர்க்கொட்டியின் தோற்றம்தான், உடம்பு முழுக்க அடர்ந்த மயிர். ஆனி மாதத்தில் சில வாரம் மட்டும் குட்டை ஆர்க்டிக் வில்லோச் செடியின் இலையைத் தின்னும். அந்தச் சில வாரத்திலும் தின்பதைவிட வெயில் காய்வதற்கே கூடுதல் நேரம் செலவழியும். சூரியனுக்குக் குறுக்காகப் படுத்து, மயிருக்குள் சூட்டைப் பிடித்து வைத்து, சுற்றியுள்ள காற்றைவிட உடம்பை வெகுவாகச் சூடாக்கினால்தான் தின்றது செரிக்கும். வெள்ளி எறும்பு சூட்டைத் துரத்த மயிரை வைத்திருக்கிறது, இது சூட்டைப் பிடிக்க வைத்திருக்கிறது. "நேர் எதிர்" என்று எழுத உங்களுக்கு ஆசையாக இருந்தால் இந்த இடத்தில் எழுதுங்கள், பொருந்தும்.

கோடை உச்சத்துக்கு வரும் முன்னரே அது தின்பதை நிறுத்தி, பட்டுக்கூடு பின்னி, உள்ளே சுருண்டுவிடும். ஒட்டுண்ணி ஈக்களும் குளவிகளும் அந்தக் கோடையில்தான் மும்முரமாக அலையும், அவற்றிடமிருந்து தப்பவும் இது உதவுகிறது. உடம்பில் கிளிசரோல் சேரும், கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகள் சிதைந்து குறையும், பிறகு குளிர்காலம் முழுவதும் உறைந்த கட்டை. பூச்சியத்துக்குக் கீழே 70 பாகை வரை தாங்கும். ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் தின்று, மறுபடி உறைந்து, மறுபடி எழுந்து, அந்தாக மாற ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் எடுக்கும். முன்பு பதினான்கு என்று கணித்திருந்தார்கள், பழைய நூல்களில் அந்த எண்ணைக் கண்டால் திருத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் உறைந்து கிடப்பதில்லை. ஆர்க்டிக் வண்டுத்தேனீயின் இராணி பறக்கும் தசைகளை, இறக்கையை அடிக்காமலே, நடுங்கச் செய்து தன் உடம்பை 35 பாகைக்கு மேல் சூடாக்கிவிடும். பிறகு கோழி அடைகாப்பது போல வயிற்றை முட்டைகள் மேல் அழுத்தி உட்கார்ந்திருக்கும். நுளம்புகளோ, சூரியனோடு முகம் திருப்பும் கிண்ணம் போன்ற பூக்களுக்குள் போய் உட்கார்ந்து குளிர்காயும்.

இப்போது நாங்கள் விட்டு வந்த சொந்தக்காரர். ஊப்பிஸ் செரம்போயிடிஸ், அலாஸ்காவின் உட்பகுதியில், இறந்த பேர்ச் மரத்தின் பட்டைக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் கறுப்பு வண்டு. (அந்த இடம் சரியாகச் சொன்னால் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது, ஆர்க்டிக்கின் வாசற்படி என்று எழுதுங்கள்.) இது உறைவதைத் தடுக்க முயல்வதில்லை. பூச்சியத்துக்குச் சில பாகை கீழே போனதுமே, கலங்களுக்கு வெளியே பனி உருவாகத் தானே இடம் கொடுக்கும். அவ்வளவு குளிராத நேரத்திலேயே மெதுவாக உறைந்தால் கலங்களுக்குத் தண்ணீரை ஒழுங்காக வெளியே விட அவகாசம் கிடைக்கும். கலத்துக்குள்ளே பனிப்பளிங்கு உருவானால் அது கலத்தைக் கிழித்துவிடும், எல்லாம் முடிந்தது. 2009இல் இந்த வண்டிலிருந்து சைலோமனன் என்ற உறைதடுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை அறிந்த பூச்சிகளின் உறைதடுப்புப் பொருட்கள் புரதங்கள். இதுவோ சர்க்கரைச் சங்கிலியும் கொழுப்பமிலமும் சேர்ந்த ஒன்று.

அதே காட்டில் ஒரு சிவப்புத் தட்டை வண்டின் குடம்பி வேறு வழியில் போகிறது. அது உறையவே உறையாது. இலையுதிர்காலத்தில் தன் உடம்புத் தண்ணீரின் பெரும்பகுதியைத் தானே வெளியேற்றிவிட்டு, மிஞ்சியதில் கிளிசரோலையும் உறைதடுப்புப் புரதத்தையும் நிறைத்துக்கொள்ளும். பூச்சியத்துக்குக் கீழே 60 பாகையை அண்மிக்கும்போது அந்தத் திரவம் பனிப்பளிங்காகாமல் கண்ணாடியாக இறுகும். கற்கண்டையும் தோடம்பழ இனிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சீனிதான். கற்கண்டில் பளிங்கின் விளிம்புகள் கூராக இருக்கும், தோடம்பழ இனிப்பு பளிங்கே இல்லாத கண்ணாடி. கூர் இல்லாததால் கலத்தைக் கிழிக்காது. இப்படி இறுகிய குடம்பிகளில் சில பூச்சியத்துக்குக் கீழே 100 பாகையிலிருந்தும் உயிரோடு மீண்டன. குளிருக்கு ஆயத்தமாக ஒரு பூச்சி தன்னைத் தானே காயவைக்கிறது!

இதன் மறுபக்கம் ஆப்பிரிக்காவில். நைஜீரியாவின் பாறைக் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கும்போது வளரும் ஒரு சிறு கொசுவினப் பூச்சி, பொலிபெடிலம் வான்டர்பிளாங்கி. குழி வற்றினால் அதன் குடம்பியும் வற்றும். இரண்டு நாள் மெதுவாகக் காய்ந்து, உடம்பில் 3 வீதம் தண்ணீர் மட்டும் மிஞ்சும்வரை போய்விடும். தண்ணீர் போன இடத்தை டிரெகலோஸ் என்ற சர்க்கரை நிரப்பிக் கண்ணாடியாக இறுகும். ஒடியல் மாதிரித்தான்: காய்ந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒடியல் ஊறினால் கூழாகும். இது ஊறினால் ஒரு மணித்தியாலம் அளவில் நெளியத் தொடங்கும். 17 ஆண்டுகள் காய்ந்து கிடந்த குடம்பிகள் மீண்டும் அசைந்திருக்கின்றன. ஹிண்டன் என்ற விஞ்ஞானி 1960இல் காய்ந்த குடம்பிகளைத் திரவ ஹீலியத்தில், பூச்சியத்துக்குக் கீழே 270 பாகையில் அமிழ்த்தினார். அவை தப்பின. ஆப்பிரிக்க வெயிலில் காயப் பழகிய உடம்புக்குத் துருவத்தில்கூட இல்லாத குளிரும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. உறைவதும் காய்வதும் கலத்துக்கு ஒரே விபத்து என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

உங்கள் இரண்டாவது கேள்வி: இங்கே கொண்டுவந்தால் வாழுமா? கம்பளிப்புழு வாழாது. குளிர் இல்லாவிட்டால் அதன் உடம்பு நிற்காமல் இயங்கும், சேமிப்பு எரிந்து தீரும், இடையில் ஓய்வு கிடைக்காது. வெள்ளி எறும்புக்கு எங்கள் வெயில் போதாது என்பதைவிட, எங்கள் நடுப்பகலில் ஓணானும் முசுறும் பயமில்லாமல் வெளியே திரிவதுதான் பிரச்சினை. மற்றவர்கள் ஒளியும் நேரத்தில் வெளியே வருவதுதானே அதன் பிழைப்பு.

இன்னொரு சோதனை வீட்டிலேயே நடக்கிறது. வண்டு பிடித்த மாவைச் சில நாள் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் வண்டுகள் செத்துவிடும், பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை போதும். அலாஸ்காவில் 60 பாகைக் கீழ்க்குளிரைத் தாங்குவதும் இதே குடும்பம்தான், ஆனால் மாவண்டின் பரம்பரைக்குக் குளிர்காலம் ஒன்றைக் கடக்க வேண்டி வரவில்லை. இதில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஊப்பிஸ் வண்டையே ஆடி மாதத்தில் பிடித்து அந்த உறைபகுதிக்குள் வைத்தால் அதுவும் சாகும். தை மாதத்தில் பிடித்தால் சாகாது. நாள் குறுகி, குளிர் மெல்ல ஏறி, உடம்பு பல வாரமாக ஆயத்தமான பிறகுதான் அந்த வலிமை வரும். கோடை வந்ததும் போய்விடும்.